பெரியவங்க ஓடிப்பிடிச்சு விளையாடலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 38 வயசுங்க, கோபாலபுரம் பக்கம் கடை வெச்சிருக்கேன், சொந்தபந்தம் பாதிப்பேரு செக்போஸ்ட் தாண்டி கேரளாவுல கொழிஞ்சாம்பாறையில இருக்காங்க. போன மாசம் ஒரு காதுகுத்துக்கு எல்லாரும் கூடினப்ப, சாப்பாடு முடிஞ்சு சும்மா உக்காந்திருந்த மச்சான், சித்தப்பா பசங்க, மாமன் மகன்னு பத்துப் பன்னெண்டு பேரு தோப்புக்குள்ள ஐஸ்பாய் ஆட ஆரம்பிச்சோம், நேரம் போனதே தெரியல. ஆனா ஒரு பெரியவர் "ஏழு கழுதை வயசாச்சு, இதென்னடா கூத்து"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு. மறுபடி ஆடணும்னு ஆசையா இருக்கு, வேற எங்கயாச்சும் பெரியவங்க இப்படி ஆடறாங்களா? – வாசகர், கோபாலபுரம்

பதில்: நல்லாவே ஆடறாங்க தம்பி. இத்தாலியில பெர்கமோங்கிற ஊர்ல 2010ல ஒளிஞ்சு விளையாடறதுக்குன்னே ஒரு உலகப் போட்டி ஆரம்பிச்சாங்க, அப்புறம் அதை கொன்சோன்னோன்னு ஆளுங்க காலி பண்ணிட்டுப் போன ஒரு ஊருக்கு மாத்தினாங்க. அஞ்சு பேரு ஒரு டீம், மைதானத்துக்கு நடுவுல ஒரு மெத்தை கிடக்கும், தேடறவர் கண்ணுல மண்ணைத் தூவிட்டு ஓடி வந்து அதுல விழணும், அவ்வளவுதான் ஆட்டமே. இங்கிலாந்துல ஆரம்பிச்ச வேர்ல்ட் சேஸ் டேக் இன்னும் சுருக்கம், 12 மீட்டருக்கு 12 மீட்டர் சதுரத்துல கம்பி, பலகைன்னு தடுப்பு வெச்சிருப்பாங்க, ஒருத்தர் ஓட ஒருத்தர் துரத்த, 20 செகண்டுக்குள்ள கையால தொடலைன்னா ஓடினவருக்குப் பாயிண்ட். நம்ம கோகோவே துரத்திப் பிடிக்கிற ஆட்டந்தானே, 2025 ஜனவரியில டெல்லியில அதுக்கு முதல் உலகக்கோப்பை நடந்து ஆண்கள், பெண்கள் ரெண்டு கோப்பையும் இந்தியாவுக்கே வந்துச்சு.

அவ்வளவு தூரம் எதுக்கு, நம்ம கொங்கு பக்கம் பொங்கல் முடிஞ்சு பூப்பறிக்கிற நோம்பின்னு பொம்பளைங்க கூட்டமா ஆவாரம்பூ பறிக்கப் போயி கும்மியடிச்சு ஆடிட்டு வருவாங்க, அதுல கல்யாணமானவங்க ஆகாதவங்கன்னு பிரிவு கிடையாது. உங்க சொந்தக்காரங்க பக்கம் ஓணத்துக்கு ஊருக்கு ஊர் கிளப்புல வடம் இழுக்கறாங்க, உறியடிக்கிறாங்க, இறங்கறவங்கள்ல குடும்பஸ்தங்க எத்தனை பேருன்னு பாருங்க. பண்டிகைன்னு பேர் இருந்தா பெரியவங்க ஆடறதை ஊரு ஒத்துக்குது, பேர் இல்லாம ஆடினாத்தான் கேள்வி வருது. வாக்கிங் போனா "டாக்டர் சொன்னாரு"ன்னு ஒரு சாக்கு சொல்லிக்கலாம், ஐஸ்பாய்க்கு அப்படி ஒரு சாக்கு இல்லாததாலதான் கூச்சமும் வருது. வாரத்துக்கு 75 நிமிஷமாவது மூச்சு வாங்கற மாதிரி உடம்பை அசைக்கணும், இல்லைன்னா மிதமா 150 நிமிஷம் அசைக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதை வேணும்னா சாக்கா வெச்சுக்கோங்க, ஆனா சந்தோஷமா இருந்துச்சுங்கறதே போதும்னுதான் நான் சொல்வேன். அந்தப் பெரியவர்கிட்ட மல்லுக்கு நிக்காதீங்க, அடுத்த தடவை கையில ஒரு விசிலைக் கொடுத்து நடுவரா உக்கார வைங்க, எல்லா ஆட்டத்துக்கும் ஒரு நடுவர் வேணுமில்ல.

கேள்வி: நாங்க ஆடும்போது பெரிய தகராறே ரூல்ஸ்லதான் வருது. பாலக்காட்டுப் பக்கத்து மச்சானுங்க எண்ணின மரத்தைத் தொட்டு "சாட்டு"ன்னு சொன்னா ஆள் தப்பிச்சாச்சுங்கறாங்க, நாங்க தேடறவன் முதுகுல தட்டணும்ங்கறோம். எது சரி? அப்புறம் தென்னந்தோப்புல ஒளியறதுக்கு இடமே இல்ல, அஞ்சு நிமிஷத்துல எல்லாரும் மாட்டிக்கிறோம். – வாசகர், மீனாட்சிபுரம்

பதில்: ரெண்டுமே சரி, ரெண்டையும் ஒரே ஆட்டத்துல கலக்கறதுதான் தப்பு. பெரியவங்களுக்கு மரத்தைத் தொடற ஆட்டத்தைத்தான் சொல்வேன், ஏன்னா ஒளிஞ்சவரும் தேடறவரும் ஒரே நேரத்துல மரத்தைப் பார்த்து ஓடற அந்தக் கொஞ்ச தூரத்துலதான் ஆட்டமே இருக்கு, முதுகுல தட்டற ஆட்டத்துல அந்த ஓட்டம் கிடையாது. கடைசி ஆள் தொட்டா பிடிபட்ட எல்லாரும் விடுதலையாங்கறதை ஆட்டத்துக்கு முன்னாடியே பேசி முடிச்சிருங்க. எல்லையையும் வாயால சொல்லாம எல்லாரும் ஒரு சுத்து நடந்து பாருங்க, இந்த வாய்க்கால் வரைக்கும், அந்த மோட்டார் ரூம் வரைக்கும், கிணத்துப் பக்கம் கூடவே கூடாது. நம்ம பக்கம் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இன்னும் நிறைய கிடக்கு, பின்னாடி பார்த்துக்கிட்டே ஓடறவனுக்கு அது தெரியாது.

இடம் இல்லைங்கறீங்க, நிஜந்தான், மரத்துக்கு மரம் 25 அடி விட்டு நட்ட தோப்புல ஏக்கருக்கு 70 மரந்தான் நிக்கும், ஒத்தை மரம் வளர்ந்த ஆளை மறைக்காது. ஆனா ஒண்ணு கவனிச்சுப் பாருங்க, வரிசைக்கு நேரா நின்னு பார்த்தா மரமெல்லாம் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு போயி ஒரே மரமாத் தெரியும், ரெண்டு எட்டு பக்கவாட்டுல தள்ளினா மொத்தத் தோப்பும் திறந்துக்கும். அதனால தோப்புல ஒளியறதுன்னா ஒரே இடத்துல உக்காந்திருக்கறது இல்ல, தேடறவர் நகர நகர நடுவுல எப்பவும் ஒரு மரம் இருக்கற மாதிரி நீங்களும் சத்தமில்லாம நகர்ந்துக்கிட்டே இருக்கணும், காஞ்ச மட்டையில கால் வெச்சீங்கன்னா முடிஞ்சுது. ஊடுபயிரா சாக்லேட்டுக்குப் போடற கோகோ மரமோ வாழையோ இருந்தா அந்தத் தோப்பு வரம், கோகோ கிளை தாழ்வா இருக்கும், நின்னுக்கிட்டே ஒளியலாம். சின்ன வயசுல சட்டை மாத்திப் போட்டு தேடறவனை ஏமாத்துவோம் இல்ல, பேரைத் தப்பாச் சொன்னா அவனே மறுபடி எண்ணணும்னு, அதைப் பெரியவங்க துண்டை மாத்திக் கட்டி ஆடலாம், மச்சான் மச்சான் எல்லாம் தூரத்துல இருந்து ஒரே சாடைதான்!

ஆளு பதினைஞ்சுக்கு மேல இருந்தா வேற ஒண்ணு முயற்சி பண்ணுங்க. 1938ல கோலாலம்பூர்ல இருந்த வெள்ளைக்காரங்க சில பேரு ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்னு ஒரு கூட்டம் ஆரம்பிச்சாங்க, இன்னிக்கு உலகம் பூரா அதுக்குக் கிளை இருக்கு. ஒருத்தரை முயலா வெச்சு முன்னாடியே அனுப்பிருவாங்க, அவர் அங்கங்க மாவு போட்டு தடம் விட்டுக்கிட்டே ஓடுவாரு, நடுநடுவுல பொய்த் தடமும் விடுவாரு, மத்தவங்க தடம் பார்த்துத் துரத்தணும். வேகமா ஓடறவங்க பொய்த் தடத்துல போயி திரும்பி வர்றதுக்குள்ள மெதுவா வர்றவங்க வந்து சேர்ந்துக்குவாங்க, அதனால தாத்தாவும் பேரனும் சேர்ந்தே ஆடலாம். நமக்கு மாவுக்குப் பஞ்சமா, ரெண்டு படி பச்சரிசிக் கோலமாவு போதும், கல்லு மாவு வேணாம், அரிசி மாவுன்னா மிச்சத்தை எறும்பு தின்னுரும்.

கேள்வி: எனக்கு 36 வயசு, ரெண்டு குழந்தைங்க. ஆம்பளைங்க ஆடறதைத் திண்ணையில உக்காந்து பார்க்கறது மட்டுந்தான் எங்க வேலையா இருக்கு. ஆட ஆசை இருக்கு, ஆனா கொழுந்தனார் எல்லாம் இருக்கற எடத்துல தொட்டுப் பிடிக்கறது சங்கடம். இன்னொன்னு, எழுதவே கூச்சமா இருக்கு, ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் ஓடினா கொஞ்சம் யூரின் கசியுது. – வாசகி, வேலந்தாவளம்

பதில்: அம்மிணி, கூச்சப்படாம எழுதினதுக்கு முதல்ல நன்றி, இதே காரணத்துக்காக ஓடறதையே விட்டவங்க நிறைய பேரு. பிரசவத்துல இடுப்புக்கு அடியில இருக்கற தசை தளர்ந்து போறதாலதான் பெரும்பாலும் இப்படி ஆகுது, பயிற்சி பண்ணினா நிறைய பேருக்குக் குறையுது. யூரினையும் காத்தையும் அடக்கற மாதிரி அந்தத் தசையை மேல இழுத்து அஞ்சு எண்ணற வரைக்கும் பிடிங்க, அப்புறம் முழுசா விட்டு அஞ்சு எண்ணுங்க, ஒரு தடவைக்குப் பத்து, ஒரு நாளைக்கு மூணு வேளை. வயித்தையும் தொடையையும் இறுக்காதீங்க, மூச்சைப் பிடிக்காதீங்க, யூரின் போகும்போது நடுவுல நிறுத்தி இதைப் பழகாதீங்க. மூணு மாசம் விடாம பண்ணிட்டுத்தான் பலன் இருக்கா இல்லையான்னு முடிவு பண்ணணும். எரிச்சலோ வலியோ இருந்தாலும், கீழ எதோ இறங்கற மாதிரி இருந்தாலும் அவ்வளவு நாள் காத்திருக்காம மகப்பேறு டாக்டரைப் பாருங்க. அதுவரைக்கும் பாத்ரூம் போயிட்டு, ஒரு பேட் வெச்சுக்கிட்டு இறங்குங்க, தடத்தைப் பார்த்துத் துரத்தற மாவு ஆட்டத்துல நடந்தே கலந்துக்கலாம்.

தொடற சங்கடத்துக்கு வழி இருக்கு. ஆளுக்கு ஒரு கைக்குட்டையை முதுகுப் பக்கம் இடுப்புல பாதி தொங்கற மாதிரி சொருகிக்கோங்க, அதை உருவினா அவுட், உடம்பைத் தொடறதே கிடையாது. ஆம்பளைங்க மட்டும் ஆடினாலும் இது நல்லதுதான், பிடிக்கறேன்னு சட்டையைக் கிழிக்கறதும் தள்ளி விடறதும் இதுல நின்னு போகும். புடவை வேணாம், சுடிதார் போட்டுத் துப்பட்டாவை வீட்டுலயே வெச்சுருங்க, கொலுசைக் கழட்டிருங்க, அது காட்டிக்கொடுத்துரும். குழந்தைங்களை ஆம்பளைங்க ஒரு ஆட்டம் பார்த்துக்கட்டும், பொம்பளைங்க ஒரு ஆட்டம், அப்புறம் எல்லாரும் கலந்து. இதைக் கேக்கவே தயங்கிக்கிட்டு எத்தனை வருஷம் திண்ணையிலயே உக்காந்திருக்கறது, இந்த நோம்பிக்கே நீங்களே ஆரம்பிங்க.

கேள்வி: 46 வயசு, சுகர் இருக்கு, மாத்திரை சாப்பிடறேன். ஆடலாமா? – வாசகர், ஆனைமலை

பதில்: டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆடலாம், நெஞ்சு வலியோ படியேறினாலே மூச்சுத் திணறலோ இருந்தா முதல்ல அதைப் பார்க்கணும். வெறுங்காலோட மட்டும் வேண்டாம், சுகர்காரங்களுக்குக் கால்ல முள்ளு குத்தினதே தெரியாமப் போகலாம், ஷூ போட்டு ஆடி முடிச்சதும் பாதத்தைப் பாருங்க. இன்சுலினோ சில மாத்திரையோ எடுக்கறவங்களுக்கு ஓடும்போது சுகர் இறங்கும், பாக்கெட்டுல குளுக்கோஸ் இருக்கட்டும், கூட இருக்கறவங்களுக்கும் சொல்லி வைங்க.

சுகர் இல்லாதவங்களும் இதைக் கேட்டுக்கோங்க. ஒளியறவர் பத்து நிமிஷம் குத்தவெச்சு உக்காந்திருப்பாரு, கால் மரத்திருக்கும், திடீர்னு எந்திரிச்சு உயிரைக் கொடுத்து ஓடுவாரு, கெண்டைக்காலும் பின் தொடையும் பிடிச்சுக்கறது அந்த முதல் நாலு எட்டுலதான். அதனால நாப்பது தாண்டினவங்க நின்னுக்கிட்டே ஒளியுங்க, ஒளிஞ்சிருக்கும்போதே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்க. முதல் ஆட்டத்துல யாரும் ஓடக்கூடாது, நடந்துதான் பிடிக்கணும்னு வெச்சுக்கிட்டா உடம்பு சூடாகறதுக்கு அதுவே போதும்.

கேள்வி: ராத்திரி டார்ச் வெச்சுக்கிட்டு காட்டு ஓரத்துல ஆடினா திரில்லா இருக்கும்னு பசங்க கூப்பிடறாங்க. போகட்டுமா? – வாசகர், வாளையாறு

பதில்: வேண்டாம். உங்க பக்கம் ராத்திரியில யானை இறங்கற இடம், ரிசர்வ் ஃபாரஸ்டுக்குள்ள அனுமதி இல்லாம போறதே குற்றம். காட்டை ஒட்டின தோட்டத்துல காட்டுப்பன்னிக்குன்னு சிலர் திருட்டுத்தனமா கரண்ட் கம்பி கட்டி வெச்சிருப்பாங்க, இருட்டுல அது யாருக்கும் தெரியாது, ஆளுங்க செத்திருக்காங்க. கட்டுவிரியன் ராத்திரிதான் நடமாடும், கண்ணாடி விரியனும் இருட்டினா சுறுசுறுப்பாயிரும். பகல்லயும் மட்டைக் குவியல், கல்லுக் குவியலுக்குள்ள யாரும் ஒளியக்கூடாது. மீறி பாம்பு கடிச்சிருச்சுன்னா கயிறு போட்டு இறுக்காதீங்க, கீறாதீங்க, உறிஞ்சாதீங்க, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காம வெச்சு 108க்கு ஃபோன் போட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கே போங்க, ரெண்டு மாநிலத்துலயும் அதே நம்பர்தான். திரில் வேணும்னா சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கு இருக்கற வீட்டு வாசல்லயே ஆடுங்க.

கேள்வி: ஆடி லீவுக்கு எல்லாரும் வர்றாங்க. தோப்புல ஆட்டம் வெச்சுக்கலாமா? – வாசகி, பொள்ளாச்சி

பதில்: ஆடியில தோப்பு வேணாம். பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து அந்த மாசந்தான் பேய்க்காத்தா அடிக்கும், காஞ்ச மட்டையும் காயும் எப்ப யார் தலையில விழும்னு சொல்ல முடியாது. கொப்பரை காயப்போடற களம் அப்ப காலியாத்தான் கிடக்கும், அங்க கல்லா மண்ணா ஆடுங்க, கிளித்தட்டுக்குக் கோடு போடுங்க, தரை வழுக்காம இருக்கான்னு மட்டும் ஒரு தடவை பார்த்துக்கோங்க. மழை தூறுச்சுன்னா சிமெண்ட் களத்துல ஓட வேணாம், மண்ணுத் தரைக்கு மாறிருங்க.