கோபம் இருக்கிறது, எந்தப் பேப்பரை எடுப்பது?

கேள்வி: தருமபுரி மாவட்டத்துக் கிராமம் எங்களுடையது. குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். எம்.ஏ. மனித உரிமைகளும் சமூக நீதியும் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் ஐந்து விருப்பப் பாடங்களில் இரண்டை எடுக்க வேண்டும். பாலினமும் சமூகமும், சமூக நீதிச் சட்டங்கள், அரசு பட்ஜெட் ஆய்வு, கார்ப்பரேட் சமூகப் பொறுப்பு என்கிற சி.எஸ்.ஆர்., கவுன்சலிங். எனக்குப் பிடித்தது பாலினம்தான். அதைப் பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். சீனியர் அக்காக்கள் "சி.எஸ்.ஆர். எடு, வேலை கிடைக்கும்" என்கிறார்கள். சட்டப் பேப்பரில் போன பேட்ச்சில் நிறைய பேருக்கு மார்க் குறைந்துவிட்டதாம். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். "கேஸு, கோர்ட்டுன்னு அலையற படிப்பு வேண்டாம்மா" என்கிறார். கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தகுதித் தேர்வும் எழுதும் எண்ணம் இருக்கிறது. எதை எடுப்பது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சட்டத்தையும் பட்ஜெட்டையும் எடுங்கள். காரணங்களைச் சொல்கிறேன், ஒப்புக்கொள்ள முடியாவிட்டால் உங்கள் விருப்பப்படியே செய்யுங்கள், தப்பில்லை.

பாலினத்தை நான் விட்டுவிடச் சொல்வது உங்களுக்கு உறுத்தும். ஆனால் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன் என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். அப்படிப் படிக்கிறவர் செமஸ்டர் முடிந்த பிறகும் படிப்பார், வேலைக்குப் போன பிறகும் படிப்பார். பேராசிரியர் சம்மதித்தால் அந்த வகுப்பில் பின் வரிசையில் போய் உட்காருங்கள். தேர்வு எழுதாவிட்டால் என்ன? ஒரு சட்டத்தின் விதிகளையோ, அரசுத் துறை தன் செலவுக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கைப் புத்தகத்தையோ யாரும் ஆசைப்பட்டு ராத்திரி கண்விழித்துப் படிப்பதில்லை. பக்கத்தில் ஒருவர் இருந்து, நாம் தப்பாகப் புரிந்துகொள்ளும்போது திருத்தினால்தான் அவை பிடிபடும். வகுப்பையும் கிரெடிட்டையும் அந்த மாதிரிப் படிப்புக்குச் செலவழிப்பதுதான் லாபம்.

பழங்குடி மக்களின் ஊரான வாச்சாத்தி உங்கள் மாவட்டம்தான். 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று அந்த ஊருக்குள் புகுந்து மக்களை அடித்து, பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்து போயிருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நடுவில் 31 ஆண்டுகள். அந்த ஊர்ப் பெண்களின் உறுதியைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் புகாரை எழுத, மனுவை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக, சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவு வாங்க, வாய்தா தவறாமல் வழக்கைத் தொடர என்று வேறு பலரும் கூடவே நிற்க வேண்டியிருந்தது. மேடையில் பேசுகிறவர்களுக்கு நம்மிடம் குறைவில்லை. இந்த இரண்டாவது வகை ஆட்களுக்குத்தான் எப்போதும் பஞ்சம்.

ஒரு உதாரணம் பார்க்கலாம். சாதியைச் சொல்லித் திட்டி அடித்தார்கள் என்று பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் வருகிறார், கையில் எஃப்.ஐ.ஆர். நகல் இருக்கிறது. நீங்கள் முதலில் எங்கே பார்ப்பீர்கள்? சட்டப் பேப்பரை ஒழுங்காகப் படித்தவர் நேராகப் பிரிவுகள் எழுதியிருக்கும் இடத்துக்குப் போவார். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவுகள் மட்டும் இருந்து, பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் காக்க வந்த 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு இல்லையென்றால் அது வெறும் அடிதடி வழக்காகத்தான் நடக்கும். அடுத்து, விசாரிப்பது யார்? 1995 விதிகளில் 7ஆம் விதிப்படி டி.எஸ்.பி. தரத்துக்குக் கீழே இருப்பவர் இந்த வழக்கைப் புலன்விசாரணை செய்யக்கூடாது. குற்றப்பத்திரிகைக்குக் கெடு 60 நாள். எதிராளி ஜாமீன் கேட்டால் பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் சொல்லி, அவர் தரப்பையும் கேட்க வேண்டும். 2015 திருத்தத்தில் வந்த 15ஏ பிரிவு அது. நிவாரணத் தொகைக்குத் தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பகுதியை எஃப்.ஐ.ஆர். கட்டத்திலேயே கேட்கலாம். இது பல குடும்பங்களுக்குத் தெரிவதே இல்லை. இத்தனைக்கும் வக்கீலாக இருக்க வேண்டிய அவசியமில்லை, படிக்கத் தெரிந்தால் போதும்.

மார்க் விஷயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நெட் எழுத முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி, கிரீமி லேயரில் வராத பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 50. அந்தக் கோட்டுக்கு மேலே பத்திரமாக இருக்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள். இருக்கிறீர்கள் என்றால் ஒரு பேப்பரில் நாலைந்து மார்க் குறைவது பெரிய விஷயமில்லை. நெட்டில் 'மனித உரிமைகளும் கடமைகளும்' என்று தனிப் பாடமே உண்டு. சட்டம் படித்தால் அதற்கும் கைகொடுக்கும். போன பேட்ச்சில் மார்க் குறைந்தது ஏன் என்றும் அவர்களிடமே கேளுங்கள். பாடம் கடினமா, கடைசி வாரத்தில் நோட்ஸ் தேடினார்களா? இரண்டும் வேறு வேறு.

பட்ஜெட் என்றதும் எண்களைப் பார்த்து மிரள வேண்டாம். தமிழ்நாடு அரசின் ஒவ்வொரு துறைக்கும் மானியக் கோரிக்கைப் புத்தகம் இருக்கிறது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் கணக்குத் தலைப்புகளுக்கு எண் கொடுத்திருப்பார்கள். பட்டியல் சாதியினருக்கான சிறப்புக்கூறு நிதி என்றால் சிறுதலைப்பு 789, பழங்குடியினர் துணைத் திட்டம் என்றால் 796. ஏதாவது ஒரு துறையின் புத்தகத்தைத் திறந்து 789 என்று தேடிப் பாருங்கள். ஒரே வரிசையில், முடிந்துபோன ஆண்டில் உண்மையில் செலவானது, நடப்பு ஆண்டுக்கு முதலில் ஒதுக்கியது, பிறகு திருத்தியது, வரும் ஆண்டுக்குக் கேட்பது என்று எல்லாம் இருக்கும். செலவான ஆண்டுக்கு முதலில் ஒதுக்கியது எவ்வளவு என்று பழைய ஆண்டுப் புத்தகத்தில் பார்த்தால், ஒதுக்கியதற்கும் செலவழித்ததற்கும் உள்ள இடைவெளி தெரிந்துவிடும். அப்புறம், அந்தத் தலைப்பின் கீழ் எந்தத் திட்டத்தைச் சேர்த்திருக்கிறார்கள் என்பது இன்னும் சுவாரஸ்யம். ஊருக்கே பொதுவான செலவில் ஒரு பங்கை இந்தக் கணக்கில் எழுதிவிடும் பழக்கத்தைப் பற்றிய புகார் பல வருடங்களாக இருக்கிறது. இந்த நிதிக்கென்றே 2024இல் தமிழ்நாடு தனிச் சட்டமும் கொண்டுவந்திருக்கிறது. எண்ணைச் சுட்டிக்காட்டி ஆர்.டி.ஐ. என்கிற தகவல் உரிமைச் சட்ட மனுப் போட்டால், "தகவல் தெளிவாகக் கேட்கப்படவில்லை" என்று தட்டிக்கழிப்பது அவ்வளவு சுலபமில்லை. உங்கள் ஆய்வேட்டுக்கும் இதிலிருந்தே ஒரு தலைப்பு கிடைக்கலாம். ஒரு ஒன்றியம், ஒரு திட்டம், மூன்று ஆண்டுக் கணக்கு, போதும்.

சி.எஸ்.ஆர். பற்றி அக்காக்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, ஆண்டு லாபம் 5 கோடியைத் தொட்ட கம்பெனிகளும், 500 கோடி நிகர மதிப்போ 1,000 கோடி விற்பனையோ உள்ளவையும், மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். அதில் வேலைகள் உண்டு. 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தி நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்த பிறகு, தொண்டு நிறுவனங்கள் பலவும் கம்பெனிப் பணத்தையே அதிகம் எதிர்பார்க்கின்றன. ஆனால் அந்த வேலைக்கு வேண்டிய படிவங்களையும் அறிக்கை எழுதும் முறையையும் வேலையில் சேர்ந்த ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டுவிடலாம். செமஸ்டர் முழுக்க அதற்குக் கொடுப்பது எனக்கு வீணாகத்தான் தோன்றுகிறது. கவுன்சலிங்கும் வேண்டாம். ஒரே ஒரு பேப்பரை நம்பி மனம் உடைந்தவர் எதிரில் போய் உட்காருவது சரியில்லை. விருப்பமிருந்தால் பிறகு முழுப் படிப்பாகவே படியுங்கள்.

அப்பாவிடம் வாதம் செய்ய வேண்டாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம் போன்ற இடங்களில் வரும் வேலை அறிவிப்பு ஒன்றை எடுத்துக் காட்டுங்கள். அங்கே குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் குடும்ப வன்முறைச் சட்டமும் தெரியாமல் ஒரு நாள் ஓட்ட முடியாது. பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான், சம்பளமும் பெரிதாக இருக்காது, அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மகள் கோர்ட் வாசலில் அலையப் போவதில்லை, மேஜைக்கு இந்தப் பக்கம் உட்காரப் போகிறாள் என்று தெரிந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி வரும்.

படிவத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பட்ஜெட் பேப்பரின் பழைய வினாத்தாளை வாங்கிப் பாருங்கள், யார் பாடம் நடத்தப் போகிறார்கள் என்றும் விசாரியுங்கள். "பட்ஜெட் என்றால் என்ன, அதன் வகைகளை விளக்குக" என்ற ரகக் கேள்விகளாகவே இருந்தால், அந்த வகுப்பில் ஒருவரும் மானியக் கோரிக்கைப் புத்தகத்தைத் திறக்கவில்லை என்று அர்த்தம். அப்படியானால் தாராளமாகப் பாலினத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், 789ஐ நீங்களே தேடிப் பழகலாம். சட்டத்தை மட்டும் விடாதீர்கள்.