ட்ரை ஐனு சொல்றாங்க, ஆனா கண்ல தண்ணி கொட்டுது: ட்ராப்ஸ் போட்டும் ஏன் சரியாகல?

கேள்வி: டாக்டர், எனக்கு 38 வயசு, நாள் முழுக்க கம்ப்யூட்டர் வேலை. ரெண்டு வருஷமா கண் எரிச்சல், மணல் விழுந்த மாதிரி உறுத்தல், லேசா காத்து பட்டாலே தண்ணி கொட்டுது. காலைல இமை ஒட்டிக்கிட்டு திறக்கவே கஷ்டமா இருக்கு, இமை முடி அடியில செதில் செதிலா வேற. ட்ரை ஐனு சொல்லி ட்ராப்ஸ் குடுத்தாங்க, மூணு பிராண்ட் மாத்திட்டேன், போட்டா அரை மணி நேரம் நல்லா இருக்கு, அப்புறம் பழையபடிதான். நடுவுல ஃப்ரெண்ட் குடுத்த ஒரு ட்ராப்ஸ்ல ஒரே நாள்ல சரியாச்சு, அது ஸ்டீராய்டுனு அப்புறம்தான் தெரிஞ்சுது, நிறுத்தினதும் திரும்ப வந்துடுச்சு. அதையே போடலாமா? மீன் எண்ணெய் மாத்திரை எடுத்தா சரியாகுமா? இது வாழ்க்கை முழுக்க இப்படியேதானா?

பதில்: முதல்ல அந்த ஸ்டீராய்டு ட்ராப்ஸை தள்ளி வைங்க, மத்தது அப்புறம் பேசலாம். ஸ்டீராய்டு கண்ணுக்குள்ள பிரஷரை ஏத்தும், எல்லாருக்கும் ஏறாது, ஆனா யாருக்கு ஏறும்னு முன்கூட்டியே தெரியாது, ஏறினாலும் வலிக்காது சிவக்காது, பார்வை நரம்பு பாதிச்ச பிறகுதான் தெரியவரும், அந்த சேதம் திரும்பி சரியாகாது. ரொம்ப நாள் போட்டா புரை விழறதும் சீக்கிரம் வரும், கருவிழியில ஹெர்பீஸ் மாதிரி ஏதாவது கிருமி மறைஞ்சு இருந்தா அது கிளம்பி பெருசாயிடும். நாங்களும் ட்ரை ஐக்கு ஸ்டீராய்டு குடுக்கறது உண்டு, ஆனா ரெண்டு மூணு வாரத்துக்கு, பிரஷர் பாத்துக்கிட்டே, படிப்படியா குறைச்சு நிறுத்துற மாதிரி. ஆனா அது கேட்டுச்சுங்கறதுல ஒரு தகவல் இருக்கு: உங்க பிரச்சினை வெறும் தண்ணி பத்தாக்குறை இல்ல, அங்க அழற்சி, அதாவது இன்ஃப்ளமேஷன் இருக்கு. அது எங்க இருக்குனா, நீங்க சொன்ன அறிகுறி எல்லாத்தையும் வச்சு பாத்தா, இமையில. இமையை யாரும் தொடாம கண்ணுக்கு மட்டும் மருந்து போட்டுக்கிட்டே இருக்கறதாலதான் மூணு பிராண்டும் தோத்துப்போச்சு.

வறண்ட கண்ல எப்படி தண்ணி கொட்டும்னு கேக்காத ஆளே கிடையாது. கண்ணு மேல இருக்கற கண்ணீர் படலம் வெறும் தண்ணி இல்ல, அடியில சளி மாதிரி ஒரு பொருள் தண்ணியை கருவிழியோட ஒட்ட வைக்குது, நடுவுல தண்ணி, மேல ரொம்ப ரொம்ப மெல்லிசா ஒரு எண்ணெய் படலம். இந்த எண்ணெய் இல்லேனா தண்ணி சட்டுனு ஆவியாயிடும், கருவிழி அங்கங்க காய்ஞ்சு உறுத்தும், உடனே நரம்பு மூளைக்கு சொல்லும், கண்ணீர் சுரப்பி ஒரேயடியா தண்ணியை கொட்டும். அந்த அவசரத் தண்ணியில எண்ணெயும் இல்ல சளியும் இல்ல, கன்னத்துல வழிஞ்சு போறதோட சரி, அடுத்த நிமிஷம் கண் திரும்ப காயும். ட்ரை ஐல ரெண்டு வகை இருக்கு, தண்ணியே குறைவா சுரக்கறது ஒண்ணு, சுரக்கறது சீக்கிரம் ஆவியாகறது இன்னொண்ணு. நிறைய பேருக்கு இருக்கறது ரெண்டாவது, இல்ல ரெண்டும் கலந்தது.

அந்த எண்ணெய் எங்கேர்ந்து வருதுன்னா இமைக்குள்ள இருக்கற மெய்போமியன் சுரப்பிகள்லேர்ந்து. மேல் இமையில சுமார் 25லேர்ந்து 40, கீழ் இமையில 20லேர்ந்து 30, எல்லாம் இமை முடிக்கு உள்பக்கமா வரிசையா வாய் திறந்து இருக்கும், ஒவ்வொரு தடவை நாம கண் சிமிட்டும்போதும் கொஞ்சம் எண்ணெய் வெளிய வரும். நல்ல சுரப்பியை அழுத்தினா தெளிவான எண்ணெய் வரும், கெட்டுப்போன சுரப்பியை அழுத்தினா டூத்பேஸ்ட் மாதிரி கெட்டியா வெள்ளையா வரும், இல்ல எதுவுமே வராது. இமை விளிம்புல இருக்கற பாக்டீரியா இந்த தேங்கின கொழுப்பை உடைச்சு கிட்டத்தட்ட சோப்பு மாதிரி ஒரு பொருளா ஆக்கிடும், எரிச்சல் அதனாலதான், சிலருக்கு கண் ஓரத்துல நுரை கூட நிக்கும். எரிச்சலால அழற்சி, அழற்சியால சுரப்பி வாய் இன்னும் அடைக்கும், இப்படியே சுத்திக்கிட்டே இருக்கும். அடைச்சு வீங்கினா கண் கட்டி. வருஷக்கணக்குல அடைச்சே இருந்தா சுரப்பி சுருங்கி செத்துப்போயிடும், அதை திரும்ப வளர வைக்க நம்பகமான வழி இன்னும் வரல, அதனாலதான் இதுல தள்ளிப்போடாதீங்கன்னு சொல்றேன்.

செதில் விஷயத்துக்கு வரேன். இமை அழற்சிக்கு ப்ளெஃபரைட்டிஸ்னு பேரு. முடி பக்கம் வந்தா முன்பக்க வகை, சுரப்பி பக்கம் வந்தா பின்பக்க வகை, நிஜத்துல ரெண்டும் சேர்ந்தே வரும். செதில் எண்ணெய்ப் பிசுக்கா இருந்து தலையிலயும் பொடுகு இருந்தா ரெண்டும் ஒரே கோளாறா இருக்கலாம், தலைப் பொடுகையும் சேர்த்து பாருங்க. காய்ஞ்ச பொருக்கா இருந்து பிச்சா லேசா ரத்தம் வந்தா ஸ்டஃபைலோகாக்கஸ்ங்கற பாக்டீரியாவால வர்ற வகை. ஒவ்வொரு முடியோட அடியையும் சுத்தி ஒரு குழாய் மாட்டின மாதிரி படிஞ்சு இருந்தா, காலைல இமை விளிம்புல அரிப்பும் இருந்தா, டெமோடெக்ஸ். இது 0.3 மில்லிமீட்டர் சைஸ்ல ஒரு பூச்சி, முடி வேர்ல வாழும், வயசாக ஆக கிட்டத்தட்ட எல்லார் முகத்துலயும் இருக்கும், அதனால அசுத்தமா இருக்கோமோனு யாரும் கூச்சப்பட வேணாம். எண்ணிக்கை அதிகமானாதான் தொந்தரவு. கண்ணை பெருசாக்கி பாக்கற ஸ்லிட் லேம்ப் கருவியில உக்கார வச்சு கீழ பாக்கச் சொல்லி மேல் இமை முடியோட அடியை பாத்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும், அடுத்த தடவை போகும்போது டாக்டர் பாக்கலேன்னா நீங்களே கேளுங்க.

இப்ப வைத்தியம். நான் ரொம்ப முக்கியம்னு நினைக்கறதும், ஜனங்க ரொம்ப அலட்சியமா பண்றதும் ஒரே விஷயம், ஒத்தடம். கெட்டியான அந்த எண்ணெய் உருகணும்னா இமையில சுமார் 40 டிகிரி சூடு அஞ்சுலேர்ந்து பத்து நிமிஷம் நிக்கணும். வெந்நீர்ல துணியை நனைச்சு வைச்சா ரெண்டு நிமிஷத்துல ஆறிடும், ஆறின துணியை எட்டு நிமிஷம் வச்சுக்கிட்டு இருந்துட்டு ஒத்தடம் பண்ணியும் கேக்கலைனு வருவாங்க. ஒவ்வொரு ரெண்டு நிமிஷத்துக்கும் திரும்ப சூடு பண்ணுங்க, இல்லேனா சூட்டை பிடிச்சு வைக்கற ஐ மாஸ்க் வாங்கிக்கோங்க, அது ரொம்ப சுலபம். மணிக்கட்டு உள்பக்கம் வச்சு பாத்துட்டு, சுடாம இதமா இருந்தா மட்டும் மூடின கண் மேல வைங்க, கான்டாக்ட் லென்ஸ் இருந்தா முன்னாடியே எடுத்துடுங்க. சூடு ஆறுறதுக்குள்ள சுத்தமான விரலால மேல் இமையை மேலேர்ந்து கீழ, கீழ் இமையை கீழேர்ந்து மேல, அதாவது ரெண்டுமே முடி பக்கமா, மெதுவா தடவி விடுங்க, கண்ணுமுழியை அழுத்தாதீங்க, கண்ணை கசக்காதீங்க. அடுத்தது இமை முடியோட அடியை துடைக்கறது, அதுக்குன்னே லிட் வைப்ஸ், ஃபோம் எல்லாம் இருக்கு, இமைக்குன்னே வர்ற ஹைப்போக்ளோரஸ் ஆசிட் ஸ்ப்ரேவும் நல்லா கேக்குது. பேபி ஷாம்பூவை தண்ணியில கலந்து துடைக்கறது பழைய முறை, வேற வழியில்லேனா பண்ணலாம், ஆனா ஏற்கனவே வறண்ட கண்ணுக்கு அது எரிச்சல் குடுக்கும், எனக்கு அதுல அவ்வளவா இஷ்டம் இல்ல. டீ ட்ரீ ஆயிலை மட்டும் பாட்டில்லேர்ந்து அப்படியே இமையில வைக்காதீங்க, அது கண்ணை நல்லாவே காயப்படுத்தும், இமைக்குன்னு செஞ்ச தயாரிப்புல இருந்தா சரி.

இதை தினம் ரெண்டு வேளை ஒரு மாசம், அப்புறம் தினம் ஒரு வேளை. ஒரு வாரத்துல ஒண்ணும் தெரியாது, நாலஞ்சு வாரம் ஆகும். வாழ்க்கை முழுக்க இப்படியேவானு கேட்டீங்க இல்லையா, எரிச்சல் அப்படியே இருக்காது, குறைஞ்சிடும், ஆனா இந்த அஞ்சு பத்து நிமிஷ வேலை ஏதோ ஒரு அளவுல தொடரும், விட்டா சில மாசத்துல திரும்ப வரும். ஒரே அடியா குணமாக்கிடறேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

ட்ராப்ஸ் வேணாம்னு சொல்லல, அது துணை. நாளைக்கு நாலு தடவைக்கு மேல போடறவங்க ப்ரிசர்வேட்டிவ், அதாவது மருந்து கெட்டுப்போகாம இருக்க சேர்க்கற பொருள், இல்லாத வகை வாங்கணும், பென்சல்கோனியம் குளோரைடுனு ஒண்ணு நிறைய பாட்டில்ல இருக்கும், அதுவே கருவிழி மேல்தோலை அரிக்கும், நீங்க போட்ட மூணு பிராண்டோட லேபிளையும் எடுத்து பாருங்க. உங்களுக்கு எண்ணெய் குறைவுங்கறதால லிப்பிட், அதாவது கொழுப்பு கலந்த ட்ராப்ஸ் கேக்க வாய்ப்பு அதிகம். ராத்திரி ஜெல் போட்டுக்கலாம், காலைல கொஞ்ச நேரம் மங்கலா தெரியும் அவ்வளவுதான். ரெண்டு மருந்து போட்டா நடுவுல அஞ்சு நிமிஷம் இடைவெளி விடுங்க. சிவப்பை போக்குற ட்ராப்ஸ் பக்கமே போகாதீங்க, அது ரத்தக்குழாயை சுருக்கி வெள்ளையா காட்டும், விட்டதும் முன்னை விட அதிகமா சிவக்கும்.

கம்ப்யூட்டர் பத்தி சுருக்கமா: சாதாரணமா நிமிஷத்துக்கு 15லேர்ந்து 20 தடவை சிமிட்டுவோம், ஸ்க்ரீனை பாக்கும்போது அது பாதிக்கும் கீழ போயிடும், அதுலயும் நிறைய சிமிட்டல் அரைகுறை, மேல் இமை கீழ் இமையை தொடவே தொடாது. சிமிட்டினாதானே எண்ணெய் வரும். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை தூரமா பாத்துட்டு, கண்ணை முழுசா மூடி ஒரு செகண்ட் வச்சு திறக்கறதை பத்து தடவை பண்ணுங்க. ஸ்க்ரீன் கண் மட்டத்துக்கு கீழ இருந்தா கண் திறந்திருக்கற அளவு குறையும், ஏசி காத்தும் ஃபேன் காத்தும் நேரா மூஞ்சில அடிக்காம பாத்துக்கோங்க.

இவ்வளவும் ஒழுங்கா ஒன்றரை மாசம் பண்ணியும் சரியாகலேனா அடுத்த படி. கண்ணீர் எத்தனை செகண்ட் தாங்குதுன்னு சாயம் போட்டு பாப்பாங்க, 10 செகண்டுக்குள்ள உடைஞ்சா நிலையா இல்லைனு அர்த்தம். ஷிர்மர் டெஸ்ட்ல இமை ஓரத்துல காகிதப் பட்டையை 5 நிமிஷம் வச்சு, 5 மில்லிமீட்டருக்கு குறைவா நனைஞ்சா தண்ணியே குறைவு. இமைக்கு அசித்ரோமைசின், இல்ல வாய் வழியா டாக்சிசைக்ளின் கம்மி டோஸ்ல சில வாரம் குடுப்போம், ரெண்டும் ஆன்டிபயாடிக்தான், ஆனா இங்க முக்கியமா அழற்சியை அடக்கத்தான் குடுக்கறது. கர்ப்பமா இருக்கறவங்களுக்கும் சின்னப் பிள்ளைங்களுக்கும் டாக்சிசைக்ளின் கூடாது, வெயில் பட்டா தோல் சீக்கிரம் சிவக்கும், நிறைய தண்ணியோட முழுங்கி உடனே படுக்காம இருக்கணும். ஸ்டீராய்டு இல்லாம அழற்சியை குறைக்கற சைக்ளோஸ்போரின் ட்ராப்ஸ் இருக்கு, போடும்போது எரியும், பலன் தெரிய மூணு மாசமாவது ஆகும், நிறைய பேர் மூணாவது வாரம் நிறுத்திட்டு கேக்கலைம்பாங்க. டெமோடெக்ஸுக்குன்னே லோட்டிலேனர் ட்ராப்ஸை அமெரிக்காவுல 2023ல அனுமதிச்சாங்க, தினம் ரெண்டு வேளை 6 வாரம். இமையை இயந்திரத்தால சூடாக்கி அழுத்தறது, இன்டென்ஸ் பல்ஸ்டு லைட்ங்கற ஒளி சிகிச்சை இதெல்லாம் சிலருக்கு நல்லா உதவுது, செலவு அதிகம், ஒத்தடமே ஒழுங்கா பண்ணிப் பாக்காதவங்களுக்கு நான் சொல்றதில்ல. கண்ணீர் வடியற துளையை அடைக்கற பிளக்கும் உண்டு, ஆனா அழற்சி அடங்குறதுக்கு முன்னாடி போட்டா அந்த எரிச்சல் தண்ணியே கண்ல தேங்கி நிக்கும்.

மீன் எண்ணெய்க்கு: 2018ல வெளிவந்த ட்ரீம்ங்கற பெரிய ஆய்வுல ஒரு வருஷம் தினம் 3000 மில்லிகிராம் ஒமேகா 3 குடுத்தாங்க, ஆலிவ் ஆயில் குடுத்தவங்களை விட அவங்களுக்கு பெருசா ஒரு வித்தியாசமும் இல்ல. இதை நம்பி காசு போட வேணாம்.

வேற மருந்து என்னென்ன சாப்பிடறீங்கன்னும் நீங்க எழுதல. அலர்ஜி மாத்திரை, சில டிப்ரெஷன் மாத்திரை, முகப்பருவுக்கு குடுக்கற ஐசோட்ரெட்டினாயின் எல்லாமே கண்ணை வறள வைக்கும், தானா நிறுத்தாம எழுதிக்குடுத்த டாக்டர்கிட்ட பேசுங்க. வாயும் வறண்டு, மூட்டு வலியும் களைப்பும் சேர்ந்து இருந்தா உடம்போட எதிர்ப்பு சக்தியே கண்ணீர், எச்சில் சுரப்பிகளை தாக்கற ஷோக்ரென் நோய்க்கு ரத்த டெஸ்ட் எடுக்கணும். மூக்கும் கன்னமும் அடிக்கடி சிவந்து சூடானா ரோசேஷியாங்கற தோல் நோயா இருக்கலாம், அதுக்கும் இமைக்கும் நேரடி தொடர்பு உண்டு.

கண்ணுக்குள்ள நல்ல வலி, பார்வை மங்கி சிமிட்டினாலும் தெளியாம இருக்கறது, வெளிச்சத்தை பாக்கவே முடியாம போறது, ஒரே கண்ணு மட்டும் சிவந்துக்கிட்டே இருக்கறது, கருவிழியில வெள்ளைப் புள்ளி, இதுல எது வந்தாலும் ஒத்தடம் போட்டுக்கிட்டு காத்திருக்காதீங்க, அன்னைக்கே போய் காட்டுங்க, லென்ஸ் போடறவங்க இன்னும் சீக்கிரம். ஒரே இடத்துல கட்டி திரும்பத் திரும்ப வந்து அங்க இமை முடியும் கொட்டினா, முக்கியமா வயசானவங்களுக்கு, கீறி விட்டு அனுப்பாம அந்த சதையை பயாப்சிக்கு அனுப்பச் சொல்லுங்க, ஏன்னா அபூர்வமா சுரப்பியில வர்ற புற்றுநோய் பாக்கறதுக்கு சாதாரண கண் கட்டி மாதிரியேதான் இருக்கும். உங்களுக்கு அப்படி எதுவும் இருக்கற மாதிரி தெரியல, ஆனா அந்த ஸ்டீராய்டு எத்தனை நாள் போட்டீங்கன்னு எழுதாததால, இந்த வாரமே ஒரு தடவை கண் பிரஷர் பாத்துடுங்க.