பழைய பேர்லா, புதிய ரூபியா? கருத்துக்களம் திருத்துவோருக்குப் பதில்கள்

கருத்துக்களம், அதாவது பலர் கூடிப் பேசும் இணையத் தளம், நடத்துவோருக்காக: வன்னியின் நாலா பக்கமிருந்தும் வந்த கேள்விகளில் சில இங்கே.

மல்லாவியிலிருந்து: அண்ணை, எங்கட கமக்கார அமைப்புக்கு ஒரு கருத்துக்களம் வேணும். பேர்லில் எழுதின பழைய மென்பொருள் ஒன்று கைவசம் இருக்கு. அதையே திருத்தலாமோ?

திருத்தலாம் தம்பி, ஆனால் வேண்டாம். பேர்ல் 1987இல் லாரி வால் உருவாக்கிய நிரல்மொழி. தொண்ணூறுகளில் அல்டிமேட் புல்லட்டின் போர்ட் போன்ற கருத்துக்கள மென்பொருள்கள் அதில்தான் ஓடின. மொழியில் குறையில்லை, ஓடும் விதத்தில்தான் குறை. சேர்வர் நிரல்களை ஓட்டும் பழைய சிஜிஐ முறையில், யாராவது ஒரு பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் பேர்ல் புதிதாகத் தொடங்கி நிரல் முழுவதையும் வாசிக்க வேண்டும். பதிவுகள் தரவுத்தளத்தில் இல்லாமல் வெறும் கோப்புகளில் கிடக்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுத, பூட்டு சரியாக விழாவிட்டால் கோப்பு கெட்டது.

அறிவியல் நகர் மாணவி: பி.எச்.பி நிரல்மொழி பழசு என்று கம்பஸில் சிரிக்கிறார்கள். ரூபி மொழியில் எழுதின டிஸ்கோர்ஸ் என்ற கருத்துக்கள மென்பொருளுக்குப் போகட்டோ?

சிரிப்பவர்கள் 2004இல் வந்த பி.எச்.பி 5ஐ நினைத்துச் சிரிக்கிறார்கள். 2020இல் வந்த 8ஐப் பார்த்தால் கொஞ்சம் அடங்குவார்கள். உண்மையான பழசு புதுசு மொழியில் இல்லை, எங்கே கைவைக்கிறோம் என்பதில் இருக்கிறது. பி.எச்.பியில் எழுதப்பட்ட பிஎச்பிபிபி என்ற கருத்துக்கள மென்பொருளில் முன்பு ‘மொட்’ என்றால் மூலக் கோப்பைத் திறந்து, இந்த வரியைத் தேடு, அதன் கீழே இதை ஒட்டு என்ற வேலை. அடுத்த பாதுகாப்புத் திருத்தம் வந்ததும் ஒட்டியதெல்லாம் போய்விடும். 2014இல் 3.1 பதிப்பு நீட்சிகளைக் கொண்டுவந்தது: உங்கள் நிரல் தனிக் கோப்புறையில் இருக்கும், மூலத்தைத் தொடவே வேண்டாம்.

டிஸ்கோர்ஸ் நல்ல சாமான்தான். ஆனால் அதைத் திருத்த ரூபியோடு எம்பர் என்ற ஜாவாஸ்கிரிப்ட் சட்டகமும் தெரியவேண்டும். போஸ்ட்கிரெஸ், ரெடிஸ் என்ற இரண்டு தரவுத்தளங்கள், குறைந்தது 1 ஜிபி ராம் உள்ள சொந்தச் சேர்வர் வேண்டும். மலிவான பகிர்வு ஹோஸ்டிங்கில் அது ஏறாது. சிக்னல் ஒரு கோடு காட்டும் இடத்தில் அதன் முதல் பக்கம் திறக்கும்வரை காத்திருக்கவும் வேண்டும்.

வவுனியாவிலிருந்து: பி.எச்.பி 8க்கு மாற்றினதும் பழைய மொட் வெள்ளைத் திரை காட்டுது.

‘மைஎஸ்கியூஎல்_’ (mysql_) என்று தொடங்கும் பழைய தரவுத்தளக் கட்டளைகளைத் தேடுங்கள். அவை பி.எச்.பி 7இலேயே நீக்கப்பட்டவை. ‘ஈச்’ (each) கட்டளை 8இல் போனது. பெயரை மட்டும் மாற்றி ஒட்டாமல் தரவுத்தளத்தோடு பேசும் புதிய வழியான பிடிஓவுக்கு (PDO) போய்விடுங்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து: தலைப்பைச் சுருக்கினால் கடைசியில் கேள்விக்குறிப் பெட்டி வருது அண்ணை.

இது எல்லா மொழிகளிலும் வரும் வில்லங்கம். ‘வன்னி’ என்று எழுதுங்கள். நமக்கு மூன்று எழுத்து. யுனிகோடில் வ, ன, புள்ளி, ன, இகரக் குறி என்று 5 குறிகள். அவற்றைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 15 பைட். நீளத்தைக் கேட்டால் பி.எச்.பியின் ஸ்ட்ரலென் (strlen) கட்டளை 15 என்று சொல்லும், எம்பி_ஸ்ட்ரலென் (mb_strlen) 5 என்று சொல்லும், கிராஃபீம்_ஸ்ட்ரலென் (grapheme_strlen) மட்டும்தான் 3 என்று சரியாகச் சொல்லும். 10 பைட்டில் வெட்டினால் ‘ன’ நடுவில் உடைந்து அந்தப் பெட்டி வரும். 4 குறியில் வெட்டினால் பெட்டி வராது, ‘வன்ன’ என்று நிற்கும். அதனால் தலைப்பை கிராஃபீம்_சப்ஸ்டரால் (grapheme_substr) வெட்டுங்கள். அதற்கு பி.எச்.பியின் இன்டல் (intl) நீட்சி நிறுவியிருக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் நீளமும் 5 என்றே சொல்லும், அங்கே எழுத்தாகப் பிரிக்க இன்டல் செக்மென்டர் (Intl.Segmenter) இருக்கிறது.

மாங்குளத்திலிருந்து: அப்ப பேர்லை மறந்துடலாமோ? எங்களிட்ட பாமினி எழுத்துருவில் பழைய பதிவுகள் நிறைய இருக்கு.

அதற்குத்தான் பேர்லை எடுங்கள்! எழுத்துகளைத் தேடி மாற்றும் வேலையில் அது இன்றும் கெட்டிக்காரன். பைதன் தெரிந்தால் அதுவும் சரி. பாமினி, யுனிகோடுக்கு முந்திய எழுத்துரு. அதில் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னால் சேமிக்கப்பட்டிருக்கும், யுனிகோடில் பின்னால் வரவேண்டும். ஆகவே ‘கொ’, ‘கோ’ போன்ற நீளமான கோவைகளை முதலில் மாற்றி, பிறகு ‘கெ’, கடைசியில் தனி ‘க’ என்று இறங்குங்கள். பாமினி ஆங்கில விசைகளில் உட்கார்ந்திருப்பதால், பதிவுகளில் உள்ள இணைய முகவரிகளை முன்கூட்டியே பிரித்து ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அவையும் தமிழாகிவிடும்.