கழுத்து மண்ணுக்கு மேலே: பூமரக் கன்று நடுவது பற்றிக் கேள்வி பதில்

வீட்டுத் தோட்டத்தில் பூமரம் வளர்ப்பது பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வடகிழக்குப் பருவமழை நெருங்குகிற நேரம், கேள்விகள் குவிந்துவிட்டன. நான் செய்வது நாற்றங்கால் வேலை, கன்று நடும் வேலை. அதற்குள் வருகிற கேள்விகளுக்கு விரிவாகச் சொல்கிறேன். மற்றவற்றுக்கு யாரைக் கேட்கலாம் என்று சொல்கிறேன்.

கேள்வி (தாம்பரம்): வீட்டு முன்புறம் 12 அடி அகலத்துக்கு மண் தரை இருக்கிறது. ஒரு பக்கம் மின்கம்பி போகிறது. சீக்கிரம் வளர்ந்து நிறையப் பூக்கும் மரம் வேண்டும். குல்மோகர் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். குல்மோகர், அதாவது மயில்கொன்றை, மடகாஸ்கரிலிருந்து வந்த மரம். பக்கவாட்டில் 30 அடிக்கு மேல் விரியும். வேர் மேலாகவே ஓடும், கிளை எளிதில் முறியும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது சென்னைத் தெருக்களில் விழுந்து கிடந்தவற்றில் இதுவும் பெருங்கொன்றையும் தூங்குமூஞ்சியும் ஏராளம். மைதானத்து ஓரத்தில் இது அருமையான மரம்தான். 12 அடிக்குள் வைத்தால் நாலு வருடத்தில் வெட்ட ஆரம்பிப்பீர்கள், அப்புறம் அது மரமாகவே இருக்காது.

சீக்கிரம் வளர வேண்டும் என்பதை முதலில் விட்டுவிடுங்கள். விறுவிறுவென்று உயரும் மரங்களில் பலவற்றுக்குக் கட்டை மென்மையாக இருக்கும். மரமல்லியின் வாசனைக்கு ஈடே இல்லை, ஆனால் நெட்டையாகப் போய் காற்றில் ஒடியும். வேரிலிருந்து பக்கக் கன்றுகளும் கிளம்பிக்கொண்டே இருக்கும்.

மின்கம்பிப் பக்கம் பவழமல்லி வையுங்கள். பூத்து முடிந்ததும் கவாத்து செய்தால் கைக்கெட்டும் உயரத்திலேயே நிற்கும். அரைநாள் வெயில் போதும், தண்ணீர் மட்டும் தேங்கக்கூடாது. கம்பி இல்லாத பக்கம் மந்தாரை அல்லது சரக்கொன்றை. சரக்கொன்றை என்றால் சுவரிலிருந்து 10 அடியாவது தள்ளி வையுங்கள். அது சித்திரையில் இலை உதிர்த்துப் பூக்கும் மரம். வெயிலில் இலை கொட்டுகிறதே என்று பயந்து தண்ணீரும் யூரியாவும் கொட்டாதீர்கள், தழை வளரும், பூ தள்ளிப்போகும்.

கேள்வி (மதுரை): மகிழம் கன்று வைத்து ஆறு மாதம் ஆகிறது. ஒரு துளிர்கூட இல்லை, இருக்கிற இலையும் மஞ்சளாகிறது. காற்றில் ஆடாமல் இருக்க ஓர் அடி ஆழமாகவே நட்டேன். என்ன உரம் போடலாம்?

பதில்: உரம் எதுவும் வேண்டாம். குறை நீங்கள் நட்ட ஆழத்தில் இருக்கிறது.

தண்டு முடிந்து வேர் தொடங்கும் இடத்தைக் கழுத்து என்று சொல்வோம். அந்த இடம் மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். தண்டின் பட்டை காற்றுப் படுவதற்காக அமைந்தது. ஈர மண்ணுக்குள் மாதக்கணக்கில் கிடந்தால் அழுகும், பூஞ்சாணம் ஏறும். கீழே போன வேருக்கும் காற்று கிடைக்காது. கன்று உடனே சாகாது. ஒரு வருடம், இரண்டு வருடம் அப்படியே நிற்கும், பிறகு ஒரு கோடையில் காய்ந்துவிடும். நாமும் வெயிலைப் பழி சொல்வோம்.

இன்னொன்றும் கவனியுங்கள். நாற்றங்காலிலிருந்து வரும் பாலித்தீன் பையிலேயே பல நேரம் கழுத்துக்கு மேல் இரண்டு அங்குலம் மண் ஏறியிருக்கும். பை மாற்றும்போது நேர்வது இது. அதனால் பையின் மேல்மட்டத்தை வைத்து ஆழத்தைக் கணக்குப் போடாதீர்கள். மேல்மண்ணை விரலால் சுரண்டி, தடிமனான முதல் வேர் எங்கே பிரிகிறது என்று பாருங்கள். அந்த இடம் தரைமட்டத்துக்கு ஓர் அங்குலம் மேலே நிற்கட்டும். முதல் மழைக்குக் குழி மண் இறங்கும், கன்றும் கூடவே இறங்கும்.

மகிழம் இயல்பாகவே மெதுவாக வளரும், அதையும் மறக்க வேண்டாம். இப்போதே வேர்மண், அதாவது வேரோடு ஒட்டிய மண்கட்டி, உடையாமல் அகலமாகத் தோண்டி எடுத்து, மேலே தூக்கி நடுங்கள்.

கேள்வி (கோவை): மாங்கன்று ஒட்டு எங்கே வாங்கலாம்?

பதில்: பழமரம் என் பக்கம் இல்லை. உங்கள் ஊரிலேயே வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

கேள்வி (பொள்ளாச்சி): மதுரைக்காரருக்குச் சொன்னதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. நாங்கள் பரம்பரையாகத் தென்னை வைப்பவர்கள். மூன்றடிக் குழி எடுத்து, பிள்ளையை அடியில் வைத்து, வளர வளர மண் அணைப்போம். மேலாக வைத்த தென்னை சாயும். ஆழம் கூடாது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பதில்: நல்லவேளை கேட்டீர்கள். கழுத்தைப் புதைக்கும் பழக்கம் நம் வீடுகளுக்குத் தென்னந்தோப்பிலிருந்துதான் வந்திருக்கும் என்று எனக்கு வெகுநாளாகவே எண்ணம்.

தென்னைக்கு நீங்கள் செய்வது முழுக்கச் சரி. ஆனால் தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. அடித்தண்டிலிருந்தே கயிறு தடிமனில் புதுப் புது வேர்கள் கிளம்பிக்கொண்டே இருக்கும். மண் அணைத்தால் அந்த இடத்திலிருந்தும் வேர் விடும், பிடிப்பு கூடும். தண்டைச் சுற்றி உரிகிற பட்டையும் அதற்குக் கிடையாது. பனை, பாக்கு எல்லாம் அந்த வகைதான்.

சரக்கொன்றை, மகிழம், மந்தாரை வேறு வகை. இவற்றில் உணவு கீழே இறங்குவது பட்டையின் உள்பக்கம் வழியாக. கழுத்தில் பட்டை அழுகினால் மேலிருந்து வேருக்கு ஒன்றும் போகாது. தென்னையைப் போல் தண்டிலிருந்து வேர் விட்டுத் தப்பிக்கும் திறனும் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இல்லை.

கேள்வி (அதே பொள்ளாச்சி அன்பர்): சரி, பட்டை விஷயம் புரிகிறது. ஆனால் காற்றுக்கு எது பிடிமானம்? ஆணிவேர் ஆழமாகப் போனால்தானே மரம் நிற்கும்?

பதில்: நன்கு வளர்ந்த மரத்தைத் தாங்குவதில் பெரும்பங்கு பக்கவேர்களுக்கு. அவை மேல் இரண்டு மூன்றடி மண்ணுக்குள்ளேயே, கிளை விரிவையும் தாண்டி ஓடும். ஆழத்தில் வைத்தால் காற்றைத் தேடி முதலில் மேலே ஏற வேண்டும். ஏறும்போது சில வேர்கள் தண்டையே சுற்றிக்கொள்ளும். அந்த மரம் பத்து வருடம் கழித்துச் சின்னக் காற்றுக்கே அடியோடு முறியும்.

குழியை அகலமாக எடுங்கள், மூன்றடி அகலம் நல்லது. ஆழம் வேர்மண்ணின் உயரம் போதும். அடியில் கட்டுமானக் கழிவு, செங்கல், சிமெண்டுக் கட்டி இருந்து ஆழமாகத் தோண்ட நேர்ந்தால், நல்ல மண்ணைத் திரும்பப் போட்டு மிதித்து, தண்ணீர் விட்டு இறங்கவிட்டு, அதன்மேல் கன்றை வையுங்கள். ஆழமாகத் தோண்டலாம், ஆழமாக நடக்கூடாது.

கேள்வி (பட்டுக்கோட்டை): பொள்ளாச்சி அன்பருக்கு என் பதில்: கஜா புயலில் எங்கள் பக்கம் ஆழமாக வைத்த தென்னைகள்தான் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன. ஆழம் எதையும் காப்பாற்றாது.

பதில்: நீங்கள் என் பக்கம் பேசுகிறீர்கள், இருந்தாலும் இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியாது. 2018 நவம்பர் 16 அன்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் அடித்த காற்று அது. காய்ப்பில் இருந்த கனமான தென்னைகள் அதில் விழுந்ததை வைத்து நடவு ஆழத்தை எடைபோட முடியாது. டெல்டாவில் அன்று இழந்தது எவ்வளவு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தென்னைக்குப் பொள்ளாச்சிக்காரர் செய்வது சரி. அது தென்னையோடு நிற்கட்டும்.

கேள்வி (திருச்சி): கன்று ஆடுகிறது. ஆழமாக நடலாமா?

பதில்: கூடாது. மேலே மூன்று பதில்கள் இதைப் பற்றித்தான். இரண்டு குச்சி ஊன்றி, பழந்துணியால் தளர்வாகக் கட்டுங்கள். கொஞ்சம் ஆடினால்தான் தண்டு பருக்கும். ஒரு வருடத்தில் குச்சியை எடுத்துவிடுங்கள். நாற்றங்காலில் தண்டோடு இறுக்கிக் கட்டிய குச்சி இருந்தால் அதை நடும் அன்றே அவிழ்க்க வேண்டும்.

கேள்வி (வேளச்சேரி): பத்தடி உயரத்தில் வளர்ந்த மரமாகவே விற்கிறார்கள். விலை அதிகம், ஆனால் உடனே நிழல் கிடைக்குமே?

பதில்: இரண்டு மூன்றடிக் கன்று வாங்குங்கள். பெரிய கன்று பையில் பல வருடம் இருந்திருக்கும், வேர் உள்ளேயே வட்டமடித்திருக்கும். நட்ட பிறகு அது வேர் பிடிக்கத் திணறுகிற காலத்தில் சின்னக் கன்று அதை எட்டிவிடும். எந்தக் கன்றானாலும் பையைப் பிளேடால் கிழித்து எடுங்கள், தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள். ஓரத்தில் வளையமாக ஓடும் வேர்களைக் கத்தியால் மூன்று நான்கு இடத்தில் மேலிருந்து கீழாகக் கீறிவிடுங்கள். மனது கேட்காது, ஆனால் செய்துதான் ஆக வேண்டும். சுற்றிய வேர் மண்ணுக்குள்ளும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

கேள்வி (நாகர்கோவில்): செண்பகம் ஐந்து வருடமாகப் பூக்கவில்லை.

பதில்: விதைக்கன்றாக இருக்கும். ஏழெட்டு வருடம்கூட ஆகலாம், காத்திருங்கள். ஒட்டுக்கன்று என்றால் ஓரிரு வருடத்திலேயே பூத்திருக்கும்.

கேள்வி (ஓசூர்): வேகமாக மறைப்பு வேண்டும், கோனோகார்பஸ் வைக்கட்டுமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். குஜராத் அரசு 2023இலேயே அதை நடத் தடை போட்டது.

கேள்வி (சேலம்): வடகிழக்கு மூலையில் மரம் வைக்கலாமா?

பதில்: வாஸ்து எனக்குத் தெரியாது. அங்கே சம்ப் இருந்தால் மட்டும் வைக்காதீர்கள்.

கேள்வி (ஈரோடு): குழியில் சாணம் நிறையப் போட்டு நட்டேன், கரையான் வந்துவிட்டது.

பதில்: பச்சைச் சாணமாக இருந்திருக்கும். அது சூட்டையும் கிளப்பும், கரையானையும் வேர்ப்புழுவையும் அழைக்கும். நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு கூடை, வேப்பம் புண்ணாக்கு இரண்டு கைப்பிடி, மீதி அதே இடத்து மண். மேலே சருகு, தென்னை மட்டை போட்டு மூடாக்கு வையுங்கள், தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி. மூடாக்கும் கழுத்தைப் புதைக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி (விழுப்புரம்): மஞ்சள் அரளி மரம்போல் வளர்க்கலாமா? இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது.

பதில்: குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். எல்லாப் பாகமும் நஞ்சு, கொட்டை உயிரையே எடுக்கும். மந்தாரை வையுங்கள்.

கேள்வி (காரைக்குடி): தினமும் ஒரு சொம்பு தண்ணீர் விடுகிறேன், போதுமா?

பதில்: முதல் இரண்டு மூன்று வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு மழை இல்லாதபோது வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு குடம். தினமும் சொம்புத் தண்ணீர் விட்டால் வேர் மேலேயே நின்றுவிடும். வட்டப்பாத்தியைக் கன்று வளர வளர அகலப்படுத்துங்கள். உங்கள் ஊர் வெயிலுக்கு இரண்டாவது கோடை வரை கைவிடாதீர்கள், பலர் முதல் கோடை தாண்டியதும் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி (கடலூர்): எவ்வளவு ஆழத்தில் நடுவது?

பதில்: மதுரைக் கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

கேள்வி (திண்டுக்கல்): இதையெல்லாம் படித்த பிறகுதான் தெரிகிறது, என் சரக்கொன்றையை மூன்று வருடம் முன்பு அரையடி புதைத்துவிட்டேன். எட்டடி உயரம் ஆகிவிட்டது. இனி பிடுங்க முடியாதே?

பதில்: பிடுங்க வேண்டாம். தண்டைச் சுற்றி ஒன்றரை அடிக்குக் கையாலும் சின்னக் கொத்தாலும் மண்ணை மெதுவாக எடுங்கள். தடித்த வேர்கள் வெளியே விரியும் இடம் வரும்வரை போங்கள், பட்டையில் அடி படக்கூடாது. பள்ளத்தில் மழைநீர் தேங்காதபடி ஒரு பக்கம் வாய்க்கால் வெட்டிவிடுங்கள். பட்டை கறுத்து மெத்தென்று இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். உறுதியாக இருந்தால் அப்படியே காற்றாட விட்டுவிடலாம், மரம் தேறிவிடும். பென்சில் தடிமனுக்குள் வேர்கள் தண்டைச் சுற்றியிருந்தால் அவற்றை இப்போதே நறுக்கலாம். அதைவிடத் தடித்த வேர் சுற்றியிருந்தால் கத்தி வைக்கும் முன் ஒரு படம் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.