'பிக்யூ'வை அழிக்கும் முன் அகராதியைப் படியுங்கள்

கேள்வி: சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டக் குத்தகையாளர் ஒருவரின் அலுவலகத்தில் கிராணியாக இருக்கிறேன். எங்கள் செக்ரோலும் (தொழிலாளர் வருகை, வேலைப் பதிவேடு) சம்பளக் கணக்கும் யூனிவர்ஸ் என்ற தரவுத்தளத்தில் ஓடுகின்றன. அதை எழுதியவர் ஓய்வு பெற்றுவிட்டார். சம்பள அறிக்கையில் சேமநிதிப் பிடித்தத்துக்கு ஒரு நெடுவரிசை வேண்டும். கட்டளைப் பெயர்களை வைத்திருக்கும் வாக் கோப்பில் அறிக்கையின் பெயரைத் திறந்தால் முதல் வரியில் 'பிக்யூ' என்றும் அதன்கீழ்ப் புரியாத வரிகளும் இருக்கின்றன. எல்லாவற்றையும் அழித்து எக்செலுக்குப் போய்விடலாம் என்று தரவை இறக்கினால், ஒருவரின் சம்பளம் 187650, தேதி 20000 என்று வருகிறது. என்ன செய்வது?

பதில்: அந்த இரண்டு எண்களும் சரியானவை. யூனிவர்ஸ் போல, பிக் என்ற பழைய அமைப்பின் வழிவந்த தரவுத்தளங்களில் கோப்பு வெறும் எழுத்துகளையே வைத்திருக்கும். அவற்றுள் எது பணம், எது தேதி என்பது, ஒவ்வொரு புலத்தையும் விவரிக்கும் அகராதிக்கு மட்டுமே தெரியும். 1967 டிசம்பர் 31ஐச் சுழியமாகக் கொண்டு நாள்களை எண்ணுவது இங்கே வழக்கம் என்பதால் 20000 என்பது 2022 அக்டோபர் 3. சம்பளம் சென் கணக்கில் இருக்கிறது. அகராதியில் 'எம்டி2' என்ற மாற்றக் குறி இருந்தால் அதுவே அறிக்கையில் 1876.50 என்று வெள்ளிக் கணக்கில் அச்சாகும். (பழைய ஆட்கள் வாக் கோப்பையும் 'எம்டி' என்பார்கள், அது முதன்மை அகராதியின் சுருக்கப் பெயர், இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

ஆகவே முதல் வேலையாகச் சம்பளக் கோப்பின் அகராதியை முழுவதும் அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. பிரைம் நிறுவனத்தின் இன்ஃபர்மேஷன் வழியில் வந்த 'டி' வகைப் பதிவில் 3ஆம் வரி மாற்றக் குறி, 4ஆம் வரி தலைப்பு. பிக் வழியில் வந்த 'ஏ' அல்லது 'எஸ்' வகைப் பதிவிலோ 3ஆம் வரி தலைப்பு, மாற்றக் குறி 7ஆம் வரிக்குப் போய்விடும். யூனிவர்ஸ் இரண்டையும் ஏற்கும் என்பதால் ஒரே அகராதியில் இரண்டும் கலந்து கிடப்பதைப் பார்க்கலாம். முதல் வரி எழுத்தைப் பார்க்காமல் மற்ற வரிகளைத் திருத்தாதீர்கள்.

எக்செலுக்கு மாற்றுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. உங்கள் செக்ரோலில் ஒரு தொழிலாளியின் ஒரு மாதம் பெரும்பாலும் ஒரே பதிவாகத்தான் இருக்கும்: ஒரு புலத்தில் வேலை நாள்கள் எல்லாம், அடுத்த புலத்தில் அந்தந்த நாளின் குலைக் கணக்கு, இடையிடையே 253ஆம் எண் கொண்ட பிரிப்புக்குறி. ஐந்தாவதாக உள்ள வேலை நாளுக்கு ஐந்தாவதாக உள்ள குலைக் கணக்கு என்ற சோடி, 'டி' வகைப் பதிவின் 7ஆம் வரியில் உள்ள இணைப்புப் பெயரில்தான் இருக்கிறது. அகராதியை விட்டுவிட்டுத் தரவை மட்டும் இறக்கினால் அந்தச் சோடி கலைந்துபோகும்.

இனி 'பிக்யூ'. அது ப்ராக் என்னும் பழைய கட்டளை மொழியின் அடையாளம். பார்க்கத்தான் மிரட்டுமே தவிர, அது செய்வது நீங்கள் விசைப்பலகையில் தட்டுவதையே: 'எச்' என்று தொடங்கும் வரிகள் கட்டளையைத் துண்டு துண்டாகச் சேர்க்கின்றன, 'பி' அதை ஓட்டுகிறது. 'எஸ்டிஓஎன்' வந்தால், அதற்குப் பின்வரும் 'எச்' வரிகள் கட்டளை கேட்கப்போகும் கேள்விகளுக்கு முன்கூட்டியே வைத்த பதில்கள். 'எச்' வரிகளை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதினால், பட்டியலிடும் கட்டளையும் கோப்பின் பெயரும் நெடுவரிசைப் பெயர்களும் தெரிந்துவிடும். எதையும் அழிக்க வேண்டாம். ஒரு ப்ராக்கை வேறொரு ப்ராக் அடைப்புக்குறி வழியாக அழைக்கலாம்; வாக் கோப்பில் 'ஆர்' வகைப் பதிவொன்று வேறு கோப்பில் உள்ள ப்ராக்கைச் சுட்டிக்கொண்டும் இருக்கலாம்.

உங்கள் நெடுவரிசைக்கு ப்ராக்கில் ஒரு சொல்தான் கூடும். அதற்கான கணக்கோ, அகராதியில் 'ஐ' வகைப் பதிவாக, அதாவது வாய்பாட்டைக் கொண்ட பதிவாக, அமையும். சம்பளத்தை 0.11ஆல் பெருக்கி முடித்துவிடாதீர்கள். 60 வயதுக்கு உட்பட்ட மலேசியத் தொழிலாளியின் பங்கு 11 விழுக்காடுதான் என்றாலும், பிடித்தம் சேமநிதிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி அமைய வேண்டும். 5,000 வெள்ளி வரை அதன் படிகள் 20 வெள்ளி அகலம். 1,876.50 வெள்ளி 1,880இல் முடியும் படியில் விழுவதால் 1,880க்கு 11 விழுக்காடு கண்டு முழு வெள்ளியாக மேலேற்ற வேண்டும், 206.42 வராது, 207 வரும். மிகை நேர ஊதியம் இதில் சேராது என்பதால், உங்கள் சம்பளப் புலம் அதையும் கூட்டி வைத்திருக்கிறதா என்று முன்னதாகப் பாருங்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களின் வீதம் வேறு.

வாய்பாட்டின் விடையும் சென்னிலேயே இருக்கட்டும். அந்த 'ஐ' வகைப் பதிவின் 3ஆம் வரியில் 'எம்டி2' போடுங்கள். வாய்பாட்டை மாற்றும்போதெல்லாம் கம்பைல்.டிக்ட் கட்டளையைக் கொடுங்கள். பிறகு ப்ராக்கை வேறு பெயரில் நகலெடுத்து, நகலின் 'எச்' வரியில் மட்டும் புதிய பெயரைச் சேருங்கள். நெடுவரிசைகளின் மொத்த அகலம் தாளின் அகலத்தைத் தாண்டினால் அறிக்கை ஒவ்வொரு புலமாகக் கீழ்நோக்கி அச்சாகும்; அதைப் பிழை என்று எண்ணிவிடாமல், 'டி' வகைப் பதிவுகளின் 5ஆம் வரியில் அகலங்களைக் குறையுங்கள். முதல் சம்பளத்துக்குப் பழைய அறிக்கையையும் நகலையும் ஒருசேர அச்சிட்டு, புதிய நெடுவரிசையை அட்டவணையோடு ஆள் ஆளாக ஒப்பிட்டுப் பாருங்கள்.