கவுன்சிலின் பிள்ளைகள் பாதுகாப்புக் குழுவில் யாருக்கு என்ன அதிகாரம்?

தங்கச்சி, பள்ளிக்கூடம் கவுன்சிலுக்கு அறிவித்துவிட்டது, சோசல் வேர்க்கர் (சமூக சேவையாளர்) வரப்போகிறார் என்று கடிதம் வந்திருக்கிறது, அதில் இருக்கிற பதவிப் பெயர்கள் ஒன்றும் விளங்கவில்லை, பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்களா என்று கேட்டிருந்தீர்கள். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். வீட்டுக்கு வரும் சோசல் வேர்க்கருக்கு அந்த அதிகாரம் இல்லை. இங்கிலாந்தில் உங்கள் சம்மதம் இல்லாமல் பிள்ளையை எடுக்க நீதிமன்றக் கட்டளை வேண்டும். கட்டளை இல்லாமல் எடுக்கக்கூடியவர்கள் பொலிஸார் மட்டும்தான். அதுவும் பிள்ளைக்கு உடனடி ஆபத்து என்றால், ஆகக்கூடியது 72 மணித்தியாலம். 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 20ஆம் பிரிவின் கீழ் நீங்களே ஒப்புக்கொண்டு பிள்ளையை கவுன்சிலின் பராமரிப்பில் விடவும் வழி இருக்கிறது. அந்தப் படிவத்தை யாராவது நீட்டினால், சட்டத்தரணியோடு பேசும்வரை கையெழுத்து வைக்காதீர்கள்.

இனி ஆட்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஆசிரியர் கவுன்சில் ஆள் அல்ல. சந்தேகம் வந்தால் அறிவிப்பது அவருடைய கடமை. அவரோடு கோபிப்பதில் பயன் இல்லை. பின்னால் நடக்கும் கூட்டங்களிலும் அவர் இருக்கக்கூடும். அவர் அனுப்பியது போய்ச் சேரும் இடத்தை அநேகமான கவுன்சில்களில் 'மாஷ்' என்பார்கள். கவுன்சில், பொலிஸ், சுகாதாரத் துறை மூன்றும் தங்களிடம் உள்ள தகவலை அங்கே ஒன்றாகப் போட்டுப் பார்க்கும். என்ன செய்வது என்று ஒரு வேலை நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும். நிறைய விசயங்கள் அந்த இடத்திலேயே முடிந்துவிடும், அல்லது ஏர்லி ஹெல்ப் என்ற ஆரம்ப கட்ட உதவிப் பக்கம் போகும். அங்கே வருபவர் குடும்ப உதவிப் பணியாளர். அது உங்கள் விருப்பத்தோடு நடக்கும் உதவி, வேண்டுமென்றால் ஏற்கலாம்.

உங்களுக்குச் சோசல் வேர்க்கரே வருகிறார் என்றால் மதிப்பீடு தொடங்கிவிட்டது. அதற்கு 45 வேலை நாள் வரை எடுக்கலாம். அவர் பிள்ளையோடு தனியாகக் கதைப்பார், ஜீபீயிடமும் (குடும்ப வைத்தியர்) பள்ளிக்கூடத்திடமும் கேட்பார், படுக்கையறை, சமையலறை பார்ப்பார். வாசலில் அடையாள அட்டை கேட்பதில் வெட்கம் இல்லை. சோசல் வேர்க் இங்கிலாந்து என்ற அமைப்பின் இணையப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்க வேண்டும்.

அவரிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி: 'இது 17ஆம் பிரிவா, 47ஆம் பிரிவா?' இரண்டும் அதே சிறுவர் சட்டத்தின் பிரிவுகள். பதினேழு என்றால் உதவி தேவைப்படும் பிள்ளை என்ற நிலை; உங்கள் சம்மதத்தோடு நடப்பது. நாற்பத்தேழு என்றால் பிள்ளைக்குப் பெரிய தீங்கு நடக்கிறது அல்லது நடக்கலாம் என்று சந்தேகிக்கக் காரணம் இருக்கிறது என்று அர்த்தம். உங்களை அழைக்காமலே பொலிஸ், சுகாதாரத் துறையோடு கதைத்துத்தான் அந்த விசாரணையைத் தொடங்கியிருப்பார்கள்; அதற்குச் சம்மதம் தேவையில்லை.

பலர் சோசல் வேர்க்கரிடமே 'கேஸை மூடிவிடுங்கோ' என்று கெஞ்சுவார்கள். மூடுவதற்கும் மேலே கொண்டுபோவதற்கும் ஒப்பம் வைப்பவர் அவருக்கு மேலதிகாரியான ரீம் மனேஜர். அவருடைய பெயரையும் மின்னஞ்சலையும் முதல் நாளே எழுதி வாங்குங்கள். ஏஜென்சி ஆட்கள் வந்து போவதால் சோசல் வேர்க்கர் இடையில் மாறுவது சாதாரணம். புதிதாக வருபவர் முழுக் கோப்பையும் படித்திருப்பார் என்று நம்பவேண்டாம். ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் என்ன பேசினோம் என்று நாலு வரியில் மின்னஞ்சல் போட்டுவைத்தால், மாறி வருபவருக்கும் அது கிடைக்கும்.

47இல் சந்தேகம் உறுதிப்பட்டு, பிள்ளைக்கு இன்னும் ஆபத்து இருக்கிறது என்று நினைத்தால், மேலே சொன்ன பொலிஸ், சுகாதாரத் துறையோடான கலந்துரையாடல் நடந்து 15 வேலை நாளுக்குள் பாதுகாப்பு மாநாடு என்ற கூட்டம் வைப்பார்கள். அதை நடத்துபவர் 'சேர்', அதாவது கூட்டத் தலைவர். சம்பளம் கவுன்சில்தான், ஆனால் உங்கள் கேஸை நடத்தும் மனேஜருக்குக் கீழே வேலை செய்பவர் அல்ல. உடல், மனம், பாலியல் சார்ந்த துன்புறுத்தல், கவனியாமை என்ற நாலில் எந்த வகையில் பிள்ளைக்குப் பாதுகாப்புத் திட்டம் போடுவது, அது தேவையா என்று அங்கே முடிவாகும். திட்டம் போட்டால் 10 வேலை நாளுக்குள் கோர் குரூப் (நீங்களும் திட்டத்தை நடத்துபவர்களும் இருக்கும் சிறு குழு) கூடும், 3 மாதத்துக்குள் மீளாய்வு, பிறகு 6 மாதத்துக்கு மிஞ்சாமல் ஒவ்வொரு மீளாய்வு. சோசல் வேர்க்கரின் அறிக்கையை மாநாட்டுக்கு முன்பே கேட்டு வாங்குங்கள். பிழைகளை எழுத்தில் குறித்து சேரிடம் கொடுங்கள். 'எங்கட ஊரில் பிள்ளைக்கு அடிக்கிறது வழமை' என்று மட்டும் அங்கே சொல்லாதீர்கள். இனியும் அடிப்பார் என்றுதான் அதை எழுதிக்கொள்வார்கள்.

மொழிபெயர்ப்பாளரை கவுன்சில் ஒழுங்குசெய்யும். இலங்கைத் தமிழா இந்தியத் தமிழா என்று குறிப்பிட்டே கேளுங்கள். தெரிந்த முகம் வந்துவிடும் என்ற பயம் இருந்தால் தொலைபேசி வழியாக, வேறு ஊர் ஆளைக் கேட்கலாம். பிள்ளையையோ மாமியையோ மொழிபெயர்க்க விடவேண்டாம்.

கடிதத்தில் 'லாடோ' என்று இருந்தால் அது வேறு பாதை. பிள்ளைகளோடு வேலை செய்பவர்கள் மீதான குற்றச்சாட்டை அவர் பார்ப்பார். நீங்கள் நேர்சரியிலோ பள்ளிக்கூடத்திலோ வேலை செய்தால், வீட்டில் நடந்த விசயமும் அவரிடம் போகலாம். ஐ.ஆர்.ஓ. என்ற சுயாதீன மீளாய்வு அதிகாரி, பிள்ளை கவுன்சில் பராமரிப்பில் இருந்தால் மட்டும் வருவார். கஃப்காஸ் கார்டியனோ வழக்கில் பிள்ளையின் நலனைப் பார்க்க நீதிமன்றம் நியமிப்பவர், கவுன்சில் ஆள் அல்ல. நீதிமன்றம் போகுமுன் கவுன்சில் பொதுவாக ஒரு முன்னறிவிப்புக் கடிதம் தரும். அது வந்தால் அன்றைக்கே குடும்பச் சட்டத்தரணியிடம் கொண்டுபோங்கள். வருமானம் பார்க்காமலே பெற்றோருக்குச் சட்ட உதவி உண்டு.

விசாவில் பொது நிதி இல்லை என்று போட்டிருப்பதால் பயப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். 17ஆம் பிரிவின் கீழ் கவுன்சில் தரும் உதவி குடிவரவு விதிகளில் பொது நிதியாகக் கணக்கில் வராது.

இன்னொன்று, எங்கள் பெயர்கள். பிள்ளைக்குத் தகப்பனின் பெயர், தாய்க்குத் தன் தகப்பனின் பெயர், தகப்பனுக்கு வேறொன்று என்று ஒரு வீட்டில் மூன்று குடும்பப் பெயர் இருந்தால், கோப்பில் வீட்டில் அந்நிய ஆண் இருப்பதுபோல் பதிவாகிவிடலாம். பிறப்புச் சான்றிதழ், கலியாணச் சான்றிதழ் இரண்டின் பிரதியோடும் யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு தாளில் எழுதி, முதல் சந்திப்பிலேயே கொடுத்துவிடுங்கள்.