கவர் கொடுத்தது யார்?

கேள்வி: ஐந்து ரோடு பக்கம் ஒரு ஓட்டலில் நடந்த பிரஸ் மீட்டுக்குப் போயிருந்தேன். முடிந்ததும் ஃபைலோடு ஆளுக்கொரு பணக் கவரும் கொடுத்தார்கள், பாதி நிருபர்கள் வாங்கிக்கொண்டார்கள். இதற்கப்புறம் எந்தப் பத்திரிகையை நம்புவது? – வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: கவர் வாங்குவது தப்பு, அதில் இரண்டு பேச்சு கிடையாது. பெட்ரோல் காசுதானே என்பவர்களோடு நேரிலேயே சண்டை போட்டிருக்கிறேன். வாங்கியவர், அடுத்த மாதம் அதே ஆள் மீது புகார் வந்தால் எழுதமாட்டார், எழுதினாலும் நாலு வரியில் முடித்துவிடுவார். ஆனால் மீதிப் பாதிப் பேர் வாங்காமல் எழுந்து போனார்களே, அவர்கள் எந்தப் பத்திரிகை என்று பார்த்தீர்களா? கவர் கொடுத்தவர் யார் என்றும் உங்கள் கடிதத்தில் இல்லை. கொடுப்பவரை விட்டுவிட்டு வாங்குபவரை மட்டும் திட்டினால் இது நிற்காது.

இதைவிடப் பெரிய தப்பு பத்திரிகை ஆபீசிலேயே நடக்கிறது. தாலுகா நிருபர்களில் பலருக்குச் சம்பளம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது, அச்சாகும் செய்திக்கு ஏதோ கொஞ்சம் வரும். ஆனால் தீபாவளி மலர், ஆண்டு மலர், ஏற்காடு கோடை விழா சிறப்புப் பக்கம் என்று வந்துவிட்டால் விளம்பரம் பிடித்தே ஆகவேண்டும், அதில்தான் அவருக்குக் கமிஷன். யாரிடம் போவார்? லாட்ஜ்காரர், எஸ்டேட் முதலாளி, ரோடு போடும் காண்டிராக்டர். லாட்ஜ் கழிவுநீர் ஓடையில் கலக்கிறது, எஸ்டேட்டில் கூலி பாக்கி என்று அப்புறம் யாராவது வந்து அழுதால், போன வாரம் விளம்பரம் வாங்கி வந்தவரே எப்படி எழுதுவார்? அவரை அங்கே அனுப்பிய நிர்வாகம்தான் முதல் குற்றவாளி.

பெரிய இடத்திலும் இதே கதைதான். 2009 மக்களவைத் தேர்தலில் வேட்பாளர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு விளம்பரத்தைச் செய்தியாக அச்சடித்த விவகாரம் வெடித்ததும், பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும் பிரஸ் கவுன்சில் இரண்டு பேர் குழு போட்டது. அவர்கள் பத்திரிகைகளின் பெயரோடு அறிக்கை கொடுத்தார்கள், கவுன்சிலோ 2010-ல் அதைச் சுருக்கிப் பெயர்களை எடுத்துவிட்டுத்தான் வெளியிட்டது. முழு அறிக்கை வெளியே வர 2011-ல் மத்திய தகவல் ஆணையம் உத்தரவு போடவேண்டியிருந்தது.

சரி, யாரை நம்புவது? ஸ்பாட்டுக்குப் போனவரை நம்புங்கள். 2018-ல் சேலம்–சென்னை எட்டு வழிச்சாலைக்கு நிலம் அளந்து கல் நட்டபோது, பெரும்பாலானவர்கள் விரும்பித்தான் நிலம் தருகிறார்கள் என்று அரசுத் தரப்பு சொன்னது. அதை அப்படியே போட்டவர்கள் உண்டு. ஆச்சாங்குட்டப்பட்டி பக்கம் வரப்பில் நின்று, போலீஸ் சூழ்ந்திருக்கும்போதே நிலத்துக்காரர்களிடம் பேசி எழுதியவர்களும் உண்டு. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலம் எடுக்கும் அறிவிப்புகளை ரத்து செய்ததும், 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் திட்டத்துக்கு வழிவிட்டதும் வேறு விஷயம். அந்த வயலில் அன்றைக்கு என்ன நடந்தது என்பது நமக்குத் தெரிவதே போய்ப் பார்த்தவர்கள் எழுதியதால்தான். செய்தியைப் படிக்கும்போது பாதிக்கப்பட்டவர் பேசியிருக்கிறாரா, எதிர்த் தரப்பிடமும் கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரே செய்தி நாலு பத்திரிகையிலும் வார்த்தை மாறாமல் வந்தால் அது நிருபர் எழுதியதில்லை, யாரோ கொடுத்த பிரஸ் நோட்.

தப்பான செய்தி என்றால் முதலில் ஆசிரியருக்கு எழுதுங்கள், பதில் சரியில்லை என்றால் பிரஸ் கவுன்சிலுக்குப் போங்கள். நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வந்த இரண்டு மாதத்துக்குள் போகவேண்டும். கவுன்சிலால் எச்சரிக்க முடியும், கண்டிக்க முடியும், அபராதம் போடமுடியாது, டிவி அதன் வரம்பிலேயே இல்லை. பிரஸ் கவுன்சில் சட்டம் மாறவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இருந்தாலும், கண்டிக்கப்பட்ட பத்திரிகையின் பெயர் பதிவாகிறது, அதற்காகவாவது எழுதுங்கள்.

அந்த ஓட்டல் கூட்டத்தை நடத்தியது யார், மறுநாள் எந்தப் பத்திரிகையில் எப்படி வந்தது என்று வெட்டி அனுப்புங்கள். உங்கள் பெயர் வெளியே வராது. விசாரித்து, கொடுத்தவர் தரப்பையும் கேட்டு, இதே பக்கத்தில் போடுகிறேன்.